காரநீரில் முங்கி எழும் ரொட்டி

கேள்வி இதுதான்: "பிரெட்சல் என்பது ஜெர்மனியின் முறுக்குதானே? சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் வாங்கிச் சாப்பிட்டேன். இதற்கா இவ்வளவு பெயர் என்று தோன்றியது. காஸ்டிக் சோடாவில் முக்கிச் சுடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா? உடம்புக்குக் கெடுதல் இல்லையா? வீட்டில் செய்ய முடியுமா?"

முறுக்கோடு அதற்கு உள்ள உறவு, கையால் திருகிச் செய்கிற வடிவம் ஒன்றுதான். முறுக்கு அரிசி மாவு, எண்ணெயில் பொரிவது, டின்னில் போட்டு மூடினால் வாரக்கணக்கில் தாங்கும். பிரெட்சல் கோதுமை மாவில் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்து அடுப்பில், அதாவது ஓவனில், சுடும் ரொட்டி. காலையில் சுட்டது மாலைக்குள் பழசாகிவிடும். நீங்கள் பாக்கெட்டில் வாங்கியது அதன் அமெரிக்கக் கிளை. அதற்கும் மதிப்பான வரலாறு உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் அதை வைத்துப் பிரெட்சலை எடைபோடுவது, ரஸ்க்கைக் கடித்துவிட்டு ரொட்டியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது போன்றது.

காஸ்டிக் சோடா விஷயம் உண்மைதான். சொல்லப்போனால் அந்தக் காரநீர்தான் பிரெட்சலின் உயிர். வடிவத்தை யாரும் திருகிவிடலாம். காரநீரில் முங்காத பிரெட்சல் வெறும் திருகிய பன்.

நான் ஸ்டுட்கார்ட் நகருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பதினாறு ஆண்டுகளாக வசிக்கிறேன். வந்த புதிதில் மூன்று ஆண்டுகள் ஒரு சிறிய பேக்கரியில் அதிகாலை வேலை பார்த்தேன். இரவு இரண்டரை மணிக்குப் போய் மாவு பிசைவது, தட்டு துடைப்பது என்று தொடங்கி, கடைசியில் பிரெட்சல் திருகும் மேசை வரைக்கும் வந்தேன். எனவே இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நான் இருக்கும் ஸ்வாபியா பகுதியின் பிரெட்சல் இது. நிறம் புளியங்கொட்டை நிறம், அதே பளபளப்பு. கீழ்ப்பாகம் தடித்து உப்பியிருக்கும். அதை இங்கே வயிறு என்றே சொல்கிறார்கள். வயிற்றின் குறுக்கே பிளேடால் கீறிய கோடு அடுப்பில் விரிந்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதை தெரியும். அந்தப் பழுப்புக்கு நடுவே இந்த வெள்ளைதான் கண்ணை இழுக்கும். மேலே இரண்டு கைகள், பென்சில் அளவுக்கு மெலிந்து, ஒன்றையொன்று ஒரு சுற்றுச் சுற்றி, தோளில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்வாபியப் பேச்சில் இவற்றுக்கு 'எர்ம்லே' என்று பெயர். சின்னக் கைகள் என்று பொருள்.

இப்போது அந்தக் கையை ஒடித்து வாயில் போடுங்கள். நொறுங்கும். ஓர் அங்குலம் தள்ளி வயிற்றைக் கடியுங்கள். பஞ்சு. ஒரே மாவு, ஒரே தட்டு, ஒரே பதினைந்து நிமிடச் சூடு. ஆனால் ஒரு பாகம் மொறுமொறுப்பு, ஒரு பாகம் மிருது. இரண்டுக்கும் நடுவில் தோள்பட்டை மாதிரி ஓரிடம் இருக்கிறது. அங்கே தோல் கடினமாகவும் உள்ளே மெல்லும்படியும் இருக்கும். இந்த வடிவத்தை வெறும் அழகு என்று பலர் நினைக்கிறார்கள். என் மூன்று ஆண்டு அனுபவத்தில் நான் உறுதியாக நம்புவது, அந்த வடிவம் ஒரு சமையல் உத்தி. தடிப்பையும் மெலிவையும் ஒரே துண்டில் வைத்து, ஒரே அடுப்பில் இரண்டு பக்குவத்தை எடுக்கும் உத்தி. இங்கே வீட்டில் ஒரு பிரெட்சல் இருந்தால் யாருக்குக் கை, யாருக்கு வயிறு என்று பிள்ளைகள் சண்டை போடுவது வழக்கம். சண்டைக்குக் காரணம் இருக்கிறது.

மாவு கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு கிலோ மாவுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேலே தண்ணீர், அவ்வளவுதான். சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் விறைப்பு. உப்பு, ஈஸ்ட், சிறிது மால்ட் (முளைகட்டிய தானிய மாவு), கொஞ்சம் கொழுப்பு. நன்றாகப் பிசைந்ததும் தொண்ணூறு கிராம் அளவில் உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் அறுபது சென்டிமீட்டர் நீளத்துக்கு உருட்டி நீட்டுவார்கள். நடுவில் தடிப்பாகவும் இரு முனைக்குப் போகப்போக மெலிந்தும் வர வேண்டும். முனையில் மட்டும் ஒரு சின்னக் குமிழ்; தோளில் ஒட்டும்போது அது பிடித்துக்கொள்ளும்.

அடுத்து வருவதுதான் நான் மாதக்கணக்கில் பழகியது. நீட்டிய கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு கைகளில் பிடித்துத் தூக்க வேண்டும். நடுப்பாகம் கீழே தொங்கும். மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் தொங்கும் வயிறு காற்றில் தானாக ஒரு சுற்றுச் சுற்றும். கைகள் இரண்டும் மேலே பின்னிக்கொள்ளும். அந்தக் கணத்திலேயே மேசையில் இறக்கி, இரு முனைகளையும் தோளில் அழுத்திவிட வேண்டும். எங்கள் மேஸ்திரி இதைக் கண் இமைக்கும் நேரத்தில் செய்வார். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். கயிறு தெரியும், பிரெட்சல் தெரியும், நடுவில் நடந்தது தெரியாது. "கயிற்றைச் சுற்றாதே, கயிறு தானே சுற்றும்படி விடு" என்பதுதான் அவர் சொன்ன ஒரே பாடம். அது கைக்கு வந்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, மணி நான்கு, தட்டில் பன்னிரண்டும் ஒரே மாதிரி கிடந்தன. அவர் தட்டைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு எனக்குப் பட்டம் மாதிரி.

திருகியதும் அடுப்புக்குப் போகாது. சற்று உப்பவிட்டு, பிறகு குளிர்ந்த இடத்தில் மூடாமல் வைப்பார்கள். மேற்பரப்பு காய்ந்து மெல்லிய தோல் பிடிக்க வேண்டும். மாவும் விறைக்க வேண்டும். இல்லையென்றால் காரநீரில் முக்கும்போது குழைந்து உருமாறிவிடும். அவசரப்பட்டு இந்தக் கட்டத்தைத் தவிர்ப்பவர்களின் பிரெட்சல் மேலே சுருக்கமும் கொப்புளமுமாக வரும்.

இனி காரநீர். காரம் என்றதும் மிளகாயை நினைக்க வேண்டாம். பள்ளியில் அமிலம், காரம் என்று படித்தோமே, அந்தக் காரம். சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. ஒரு லிட்டர் தண்ணீருக்கு முப்பது முதல் நாற்பது கிராம் வரை கரைப்பார்கள். அதாவது 3 முதல் 4 சதவீதம். நான்குக்கு மேல் ஜெர்மனியில் அனுமதி இல்லை. ஐரோப்பிய உணவுச் சேர்க்கைப் பட்டியலில் இதன் எண் இ 524. பிரெட்சல் இந்த நீரில் சில நொடிகள் முங்கி எழுந்து, வடிந்து, உப்புத் தூவப்பட்டு, வயிற்றில் கீறப்பட்டு, 220 அல்லது 230 டிகிரி சூட்டுக்குள் போகிறது.

அந்தச் சில நொடிகளில் நடப்பது நிறைய. மாவின் மேற்பரப்பில் இருக்கும் புரதத்தைக் காரம் சிறு துண்டுகளாக உடைக்கிறது. மேலே உள்ள மாச்சத்தையும் கஞ்சிபோல் குழைத்துவிடுகிறது. குழைந்த அந்தப் படலம்தான் அடுப்பில் காய்ந்து பளபளக்கும் தோலாகிறது. உடைந்த புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேரும்போது பழுப்பு நிறமும் வறுத்த வாசனையும் உண்டாகின்றன. வெங்காயம் வதங்கிச் சிவப்பதிலும் தோசை முறுகுவதிலும் இந்த வினைக்குப் பங்கு உண்டு. மையார்டு வினை என்பது அதன் பெயர். காரத்தன்மை கூடினால் இந்த வினை பல மடங்கு விரைகிறது. அதனால்தான் சாதாரண பன் பொன்னிறத்தில் நிற்கும் அதே நேரத்தில் பிரெட்சல் புளியங்கொட்டை நிறத்துக்குப் போய்விடுகிறது. நிறத்தோடு ஒரு தனி மணமும் வரும். அதற்கு எனக்குச் சரியான உவமை கிடைத்ததில்லை. மழை நாளில் பேக்கரிக் கதவு திறந்தால் தெருமுனை வரை அந்த மணம் வந்து நிற்கும்.

சாப்பிடுவதால் கெடுதல் உண்டா? சுட்ட பிரெட்சலில் காஸ்டிக் சோடா காஸ்டிக் சோடாவாக இருப்பதில்லை. அடுப்புக்குள் மாவிலிருந்தும் காற்றிலிருந்தும் வரும் கரியமில வாயுவோடு சேர்ந்து அது சோடியம் கார்பனேட்டாகவும் பைகார்பனேட்டாகவும் மாறிவிடுகிறது. பைகார்பனேட் என்பது நாம் ஆப்பத்துக்குப் போடும் சோடா மாவு. அப்பளத்துக்குச் சேர்க்கும் அப்பளக்காரமும் இந்தக் குடும்பத்துச் சரக்குதான். இங்கே தள்ளுவண்டியில் உட்கார்ந்து வரும் பல் முளைக்காத குழந்தையின் கையில்கூட உப்பைத் தட்டிவிட்டு ஒரு பிரெட்சலைக் கொடுத்துவிடுவார்கள்; கடைவீதி முடியும்வரை அது சப்பிக்கொண்டே வரும்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. காரநீர் அலுமினியத்தை அரிக்கும். காரநீரில் நனைந்த மாவை நேராக அலுமினியத் தட்டில் வைத்துச் சுட்டால் அந்த உலோகம் ரொட்டிக்குள் ஏறிவிடும். ஜெர்மனியின் உணவு இடர் மதிப்பீட்டு நிறுவனமே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. எவர்சில்வர் தட்டு அல்லது பேக்கிங் தாள் விரித்த தட்டுதான் சரி. நம் வீடுகளில் அலுமினியப் பாத்திரம் அதிகம் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

இந்தக் காரநீர் எப்படி வந்தது என்பதற்கு ஊருக்கு ஊர் கதை வைத்திருக்கிறார்கள். பவேரியாவின் தலைநகர் மியூனிக்கில் சொல்வது: 1839 பிப்ரவரி 11 காலை, அரசவைக்குப் பண்டம் கொடுக்கும் ஒரு காபிக் கடையில் பேக்கர் ஒருவர் பிரெட்சல் மேல் பூச வேண்டிய சர்க்கரை நீருக்குப் பதிலாகத் தட்டு கழுவ வைத்திருந்த காரநீரைப் பூசிவிட்டார், அதைச் சாப்பிட்ட பக்கத்து நாடான வூர்டம்பெர்க்கின் தூதர் சொக்கிப்போனார். ஸ்வாபியாவில் பாட் ஊராக் என்ற ஊர்க்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குற்றம் செய்து மரண தண்டனை பெற்ற தங்கள் ஊர்ப் பேக்கரிடம் எபர்ஹார்ட் பிரபு, "சூரியன் மூன்று முறை ஊடுருவித் தெரியும் ஒரு ரொட்டி சுட்டுக் கொடு, உயிர் தருகிறேன்" என்றாராம். மனைவி கைகட்டி நின்றதைப் பார்த்து அவருக்கு வடிவம் பிறந்தது; பூனை தாவித் தட்டைக் காரநீர் வாளிக்குள் தள்ளியதில் நிறம் பிறந்தது. எபர்ஹார்ட் பிரபு வரலாற்றில் வாழ்ந்தவர்தான். 1477-இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். பூனைக்குத்தான் சாட்சி இல்லை. இணையம் முழுக்கச் சுற்றிவரும் மூன்றாவது கதை, 610-இல் இத்தாலியத் துறவி ஒருவர் ஜெபம் ஒழுங்காகச் சொன்ன பிள்ளைகளுக்குப் பரிசாகச் செய்தார் என்பது. அதற்கு எந்த ஆதாரமும் கிடையாது, தயவுசெய்து பரப்பாதீர்கள்.

கதைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அவற்றைவிடப் படங்கள்தான் பிடிக்கும், ஏனென்றால் அவை பொய் சொல்வதில்லை. அல்சாஸ் பகுதியின் ஹோஹன்பூர்க் கன்னியர் மடத்தில் 12-ஆம் நூற்றாண்டில் ஹெராட் என்ற மடத்தலைவி 'ஹோர்ட்டுஸ் டெலிசியாரும்' என்ற ஓவியச் சுவடியை உருவாக்கினார். அதில் பைபிளில் வரும் எஸ்தர் அரசியின் விருந்துக் காட்சி ஒன்று. மேசையில் மீனுக்கும் கத்திக்கும் பக்கத்தில், இன்று காலை சுட்டதுபோல ஒரு பிரெட்சல் கிடக்கிறது. மூலச் சுவடி 1870-இல் ஸ்ட்ராஸ்பூர்க் முற்றுகையில் நூலகத்தோடு எரிந்துவிட்டது. அதற்கு முன்பே சிலர் படியெடுத்து வைத்திருந்ததால் இன்று நமக்குத் தெரிகிறது. 1440-ஐ ஒட்டி உருவான கிளீவ்ஸ் சீமாட்டி கேத்தரினின் ஜெபப் புத்தகத்தில் புனித பர்த்தலோமியோவின் படத்தைச் சுற்றிக் கரை முழுவதும் பிரெட்சல்தான். 1559-இல் பீட்டர் புரூகல் வரைந்த கேளிக்கைக்கும் நோன்புக்கும் இடையிலான சண்டையைப் பாருங்கள். வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நோன்பைக் குறிக்கும் மெலிந்த உருவம் உட்கார்ந்திருக்கும் வண்டியில் பிரெட்சல்கள் கிடக்கின்றன.

நோன்பு வண்டியில் அவை கிடப்பதற்குக் காரணம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பழைய கத்தோலிக்க நெறிப்படி இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெய்கூட விலக்கு. மாவு, தண்ணீர், உப்பு ஆகியவற்றால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பண்டம் அப்போது பெரிய ஆறுதல். பெயரும் அதோடு ஒத்துப்போகிறது: பிரெட்சல் என்ற சொல் லத்தீனில் கையைக் குறிக்கும் 'பிராக்கியம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு ஜெபிக்கும் உருவத்தைத்தான் மக்கள் இதில் கண்டார்கள். ஜெர்மனியில் ஒரு கடையின் வாசலில் தங்க நிறப் பிரெட்சல் தொங்கினால் அது பேக்கரி. நடுக்காலத்திலிருந்தே ரொட்டி சுடுவோர் சங்கத்தின் சின்னம் அது. டென்மார்க்கிலும் மேலே கிரீடம் வைத்த இதே வடிவம் தொங்கும்.

தொல்லியலாளர்களுக்கும் ஒரு முறை பிரெட்சல் கிடைத்திருக்கிறது. பவேரியாவின் ரேகன்ஸ்பர்க் நகரில், டான்யூப் நதிக்கரையில் தோண்டியபோது 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த துண்டுகள் அகப்பட்டன. கருகிப்போயிருந்தன, கருகியதால்தான் மக்காமல் தப்பின. யாரோ ஒரு பேக்கர் அன்று அடுப்பைக் கவனிக்கத் தவறி, எரிச்சலோடு தூக்கி எறிந்திருப்பார். அதே மேசையருகில் நின்றவன் என்பதால் அந்தச் செய்தியைப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது.

நோன்போடு பிறந்த தொடர்பு இன்றும் சில ஊர்களில் உயிரோடு இருக்கிறது. ஸ்வாபியாவின் பீபராக் நகரில் தவக்காலத்தில் மட்டும் சுடும் ஒரு பிரெட்சல் உண்டு. அது காரநீரில் முங்குவதில்லை; கொதிநீரில்தான் முங்குகிறது. எனவே வெளிறிய நிறம், மேலே உப்பு. 'காரநீர் இல்லாவிட்டால் வெறும் பன்' என்று மேலே சொன்னேனே, அதற்கு நான் மனமாரக் கொடுக்கும் விதிவிலக்கு இது ஒன்றுதான். குருத்தோலை ஞாயிறுக்கும் புத்தாண்டுக்கும் பெரிய இனிப்புப் பிரெட்சல்கள் வரும். புத்தாண்டுப் பிரெட்சல் ஒரு குடும்பமே பிய்த்துச் சாப்பிடும் அளவுக்கு இருக்கும். லக்ஸம்பர்க்கில் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு பிரெட்சல் ஞாயிறு. ஆண் தன் மனதுக்குப் பிடித்த பெண்ணுக்கு ஒரு பிரெட்சல் கொடுப்பான். அவளுக்குச் சம்மதம் என்றால் ஈஸ்டரன்று ஒரு முட்டை திருப்பிக் கொடுப்பாள். லீப் ஆண்டில் பெண் பிரெட்சல் கொடுப்பாள், ஆண் முட்டை கொடுக்க வேண்டும். ரைன் நதிக்கரையில் உள்ள ஸ்பையர் நகரம் 1910 முதல் பிரெட்சலுக்கென்றே ஒரு திருவிழா நடத்துகிறது.

அன்றாட வாழ்க்கைக்குள்ளும் அது எவ்வளவு புகுந்திருக்கிறது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று பார்க்கிங் இயந்திரம். இங்கே சில ஊர்களில் அந்த இயந்திரத்தில் 'பிரெட்சல் பட்டன்' ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் சிறிது நேரம் நிறுத்தக் கட்டணமில்லாத டிக்கெட் வரும். ஓடிப்போய்ப் பிரெட்சல் வாங்கி வரும் நேரம். 1953 தொடக்கம் வரை வந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார்களின் பின்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருந்தது. அந்தக் கார்களுக்கு இன்றும் பிரெட்சல் பீட்டில் என்றுதான் பெயர்.

பவேரியர்களின் பிரெட்சல் வேறு சாதி. அவர்கள் சொல்வது 'பிரேட்சன்'. கையும் வயிறும் ஏறத்தாழ ஒரே தடிமன், பிளேடால் கீறுவதில்லை. அடுப்பில் தன் விருப்பப்படி வெடித்து, மேலே காய்ந்த ஏரித்தரை மாதிரி பிளவுகள் ஓடும். கொழுப்பும் குறைவு. 'பவேரியப் பிரேட்சன்' என்ற பெயருக்கு 2014-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. வெள்ளைத் தொத்திறைச்சி, இனிப்புக் கடுகுச் சாந்து, கோதுமை பீர் ஆகியவற்றோடு நண்பகலுக்கு முன் சாப்பிடுவது அவர்கள் மரபு. மியூனிக்கின் அக்டோபர் பீர் விழாவில் விற்கும் ராட்சதப் பிரேட்சனைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. முழுவதும் ஒரே பதம். கை இல்லாத பிரெட்சலில் பாதி இன்பம் போய்விடுகிறது. மியூனிக் நண்பர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

ஸ்வாபியாவில் இதற்குத் துணை வெண்ணெய். வயிற்றைப் பக்கவாட்டில் அறுத்து, கால் அங்குலத் தடிமனுக்குக் குளிர்ந்த வெண்ணெயை உள்ளே வைத்துக் கொடுப்பார்கள். 'புட்டர்பிரேட்சல்' என்று கேட்க வேண்டும். தோலின் மெல்லிய கசப்பு, கல்லுப்பின் கடி, வெண்ணெயின் குளிர்ச்சி மூன்றும் சேரும் அந்த வாய்க்கு வேறு எதையும் ஒப்பிட எனக்கு மனம் வராது. சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய முறையில் மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டு. இப்போது பலர் வெண்ணெய் அல்லது தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டார்கள், ஆனாலும் கடையில் "ஷ்மால்ஸ் சேர்த்திருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஷ்மால்ஸ் என்றால் அந்தக் கொழுப்பு.

பாக்கெட் பிரெட்சலுக்கு வருகிறேன். 18-ஆம் நூற்றாண்டில் தென்மேற்கு ஜெர்மனியிலிருந்து ஏராளமானோர் கப்பலேறிப் பென்சில்வேனியாவில் குடியேறினார்கள்; பிரெட்சலும் அவர்களோடு போனது. 1861-இல் லிட்டிட்ஸ் என்ற ஊரில் ஜூலியஸ் ஸ்டர்ஜிஸ் கெட்டிப் பிரெட்சலுக்கென்றே ஒரு பேக்கரி தொடங்கினார். ஈரம் முழுவதும் போகும்வரை சுட்டுக் காயவைப்பதால் அது மாதக்கணக்கில் கெடாது, தொலைதூரம் அனுப்பலாம். 1935-இல் பக்கத்து ரெடிங் நகரில் திருகும் இயந்திரம் வந்தது. கையால் நிமிடத்துக்கு நாற்பது என்றிருந்தது, இயந்திரத்தில் நிமிடத்துக்கு 245 ஆனது. உலகக் கடைகளுக்கெல்லாம் பிரெட்சல் என்ற பெயரை அறிமுகப்படுத்தியது அந்தப் பாக்கெட்தான். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஃபிலடெல்ஃபியா தெருக்களில் மென்பிரெட்சல் ஒட்டி ஒட்டிச் சுட்டு, கடுகுச் சாந்தோடு விற்கிறார்கள். அது நம் உறவுக்காரப் பண்டம்தான்.

இப்போது வீட்டில் செய்வது. மைதா 500 கிராம், தண்ணீர் 250 முதல் 260 மில்லி, உப்பு 10 கிராம், உலர் ஈஸ்ட் 5 கிராம், வெண்ணெய் 30 கிராம், ஒரு தேக்கரண்டி சர்க்கரை. பத்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். ஒன்பது உருண்டை வரும். உருட்டும்போது மாவு சுருங்கிக்கொண்டே இருந்தால் வம்பு பண்ணாமல் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி நீட்டுங்கள். தானாக வழிக்கு வரும். காற்றில் சுழற்ற வராதவர்கள் மேசையிலேயே வைத்து, முனைகளை ஒரு முறை பின்னித் தோளில் மடித்துவிடலாம். சென்னை வெயிலில் கால் மணி நேரம் உப்பினால் போதும். பிறகு ஃப்ரிட்ஜில் மூடாமல் ஒரு மணி நேரம் வையுங்கள். இந்த ஒரு மணி நேரத்தைக் குறைக்காதீர்கள்.

காரநீருக்கு நான் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லும் வழி சோடா மாவைச் சுடுவது. நூறு கிராம் சமையல் சோடாவை எவர்சில்வர் தட்டில் பரப்பி 130 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் நீரும் கரியமில வாயுவும் போய் அறுபத்துச் சொச்சம் கிராம் மிஞ்சும். எடை குறைந்திருந்தால் அது சோடியம் கார்பனேட்டாக மாறிவிட்டது என்று பொருள். சாதாரணச் சோடாவைவிடப் பல மடங்கு காரம் இதற்கு. வெறும் கையால் தொடாதீர்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஒவ்வொரு பிரெட்சலையும் ஒரு நிமிடம் முக்கி, நன்றாக வடித்துவிட்டுத் தட்டில் வையுங்கள். நிறம் அசலுக்குப் பக்கத்தில் வரும். மணம் முக்கால் பங்கு வரும். சோடாவைச் சுடாமல் கொதிநீரில் போட்டு முக்கும் செய்முறைகள் நிறைய உலவுகின்றன. அதில் பொன்னிற ரொட்டி கிடைக்கும், பிரெட்சல் மணம் கிடைக்காது.

காஸ்டிக் சோடாவேதான் வேண்டும் என்றால் உணவுத் தரத்தில் விற்பதை மட்டும் வாங்குங்கள். சாக்கடை அடைப்பு நீக்கும் பொடி வேண்டவே வேண்டாம். கையுறை, கண்ணாடி கட்டாயம். குளிர்ந்த நீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். பொடியின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரையும்போது சூடேறும், ஆவியை முகர வேண்டாம். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. ஹைட்ரஜன் வாயு கிளம்பும். சிறு பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கல்லுப்பை வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்து, துவரம்பருப்பு அளவுக்கு நொறுக்கி, வயிற்றின் மேல் மட்டும் தூவுங்கள். புது பிளேடால் வயிற்றில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் ஒரே இழுப்பாகக் கீறுங்கள். 220 டிகிரியில் பதினைந்து நிமிடம். பன்னிரண்டாம் நிமிடத்தில் அடுப்புக் கதவை ஒரு கணம் திறந்து நீராவியை வெளியே விட்டால் தோல் பளபளக்கும்.

சுட்டதை டப்பாவில் போட்டு மூடாதீர்கள். முதல் மாதத்தில் நான் அந்தத் தவறைச் செய்தேன். பேக்கரியில் மிஞ்சியதை ஆசையாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாலையில் திறந்தால் உப்பெல்லாம் கரைந்து, தோல் நனைந்த துணியாகக் கிடந்தது. உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் அந்தப் பையைத் திறந்தபோது வந்த வருத்தம் மறக்கவில்லை. மிஞ்சினால் உப்பைத் தட்டிவிட்டு ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது தண்ணீர் லேசாகத் தெளித்து, 180 டிகிரியில் ஆறேழு நிமிடம் சூடுசெய்தால் கை மறுபடி நொறுங்கும். மறுநாள் விறைத்துப்போனதைச் சிறு துண்டுகளாக்கி, பாலில் ஊறவைத்து, வெங்காயம் வதக்கிப் போட்டு உருண்டை பிடித்து வேகவைப்பார்கள். காளான் குழம்போடு சாப்பிடும் அந்த உருண்டைக்காகவே எங்கள் வீட்டில் வேண்டுமென்றே இரண்டைப் பழசாக விடுவதுண்டு.